மாடி ரோஜாவுக்கு மண் மாற்றினோம்

தண்ணீர் ஊற்றிய கையோடு அத்தனையும் தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஓடி வந்துவிடும். மேல் மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கும். ஆனால் பகல் பதினொரு மணிக்கெல்லாம் துளிர்கள் துவண்டு தொங்கும். எங்கள் மாடியில் இருக்கும் சிவப்பு ஒட்டு ரோஜா ஆடி மாதத்திலிருந்தே இந்தக் கதியில்தான் இருந்தது. துளிர் வரும், நாலைந்து இலை விடும், நுனியில் மொட்டு வைக்காமலே நின்றுபோகும். புது இலைகளில் நரம்பு மட்டும் பச்சை, நடுவெல்லாம் வெளிறிய மஞ்சள். தொட்டியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

செடி இப்படி நின்றால் வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. "முட்டை ஓட்டைப் பொடி பண்ணிப் போடுங்க தம்பி, ஒரே வாரத்துல மொட்டு வச்சிடும்" என்றார் பக்கத்து வீட்டு அம்மா. வீட்டில் செல்போனைப் பார்த்து வெங்காயத் தோல் ஊறல், வாழைப்பழத் தோல் ஊறல், காய்ச்சிய டீத்தூள் என்று ஒரு பட்டியலே தயாராக இருந்தது. இவற்றால் பெரிய கெடுதல் கிடையாது, பெரிய நன்மையும் கிடையாது. முட்டை ஓடு மட்டும் எங்கள் ஊருக்கு வேண்டவே வேண்டாம். அது சுண்ணாம்பு. கடலூரில் போர் தண்ணீரே தேவைக்கு மேல் சுண்ணாம்பைக் கொண்டுவந்து தொட்டியில் சேர்க்கிறது. ரோஜா லேசான அமிலத் தன்மையுள்ள மண்ணைக் கேட்கும் செடி. பி.எச். 6-லிருந்து 6.5 வரை இருந்தால் அதற்கு வசதி. 7-ஐத் தாண்டி ஏறினால், மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதைச் சரியாக எடுக்க முடியாது. புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதன் அடையாளம்.

உரம் போடவோ மருந்து அடிக்கவோ எனக்குத் தோன்றவில்லை. ஊற்றிய தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, செடியோ தாகத்தில் வாடுகிறது என்றால் கோளாறு மண்ணுக்குள்தான் இருக்க வேண்டும். அதுவும் நர்சரிக் கவரோடு வந்த அந்தக் களிமண் கட்டியில்.

இங்கே நர்சரிகளில் விற்கும் ஒட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்தோ ஆந்திராவின் கடியத்திலிருந்தோ லாரியில் வருபவை. நீண்ட பயணத்தில் மண் உதிர்ந்து வேர் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பசையுள்ள களிமண்ணை வைத்துக் கட்டுகிறார்கள். அனுப்புகிறவருக்கு அது சரியான ஏற்பாடு. வாங்குகிறவர் அந்தக் கட்டியை அப்படியே பொலபொலப்பான மண்கலவைக்குள் வைக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. வெயிலில் களிமண் காய்ந்து சுருங்கிச் சுற்றுமண்ணை விட்டு விலகும். ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியே இறங்கி வெளியேறிவிடும், கட்டி நனையாது. மழைக்காலத்தில் தலைகீழ். ஒரு தடவை முழுக்க ஊறிவிட்டால் களிமண் ஈரத்தை விடாது. சுற்றியுள்ள மண் காய்ந்த பிறகும் உள்ளே சேறாகவே இருக்கும், வேர் மூச்சு முட்டி அழுகும். கோடையில் பட்டினி, கார்த்திகையில் அழுகல்.

"தாய் மண்ணு உடையாம கவரை மட்டும் கிழிச்சுட்டு வச்சிடுங்க சார், உடைஞ்சா செடி போச்சு" என்று நர்சரியில் எல்லோரிடமும் சொல்வார்கள். வெயில் காலத்தில், இலையும் மொட்டுமாக நிற்கும் செடியை வாங்கி வந்தால் அவர்கள் சொல்வதுதான் சரி. அந்த நேரத்தில் வேரைச் சீண்டினால் செடி தாங்காது. ஆனால் தொட்டியில் இரண்டு வருடம் இருந்து, கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிக் குறைப்பதற்குத் தயாரான செடியைக் குளிர்ந்த மாதத்தில் மாற்றும்போதும் அதே கட்டியைப் பத்திரமாகத் தூக்கி வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பெரிய தொட்டி, நல்ல மண் எல்லாம் அந்தக் கட்டிக்கு வெளியேதான் இருக்கும். செடி பழையபடி உள்ளேயே கிடக்கும்.

நேரம் பார்ப்பதில் ஒரு விஷயம். ரோஜாவுக்கு ஐப்பசி, கார்த்திகையில் கவாத்து என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலூர், பாண்டிக்கு ஐப்பசி, கார்த்திகை என்பது வடகிழக்குப் பருவமழையின் நடு மையம். வருடத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. கிளையையும் வேரையும் வெட்டிவிட்டு அப்படி ஒரு மழையில் செடியை நிறுத்தினால் வெட்டுவாய் வழியாகவே நோய் இறங்கிவிடும். மழை ஓய்ந்து, காலையில் பனி விழ ஆரம்பிக்கும் மார்கழிதான் எங்கள் கரைக்குத் தோது. மாசிக்குள் முடித்துவிட வேண்டும். பங்குனி பிறந்துவிட்டால் அந்த வருடம் தொட்டி மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடலாம்.

பழைய தொட்டி 10 அங்குலம். புதிதாக வாங்கியது 14 அங்குல மண்தொட்டி. வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு. பாண்டிக்குப் போகிற வேலையோடு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் பொம்மைகளைப் பார்த்தே நேரம் போய்விடும், பூந்தொட்டிக்கு நம்மூர்க் கடையே போதும். பிளாஸ்டிக் தொட்டி எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் கருப்புப் பிளாஸ்டிக் சித்திரை வெயிலில் மேற்குப் பக்கம் கொதித்துவிடும், அந்தப் பக்கத்து வேர் வெந்துபோகும். மண்தொட்டியின் சுவர் ஈரத்தைக் கசியவிட்டு ஆவியாக்கிக்கொண்டே இருப்பதால் உள்ளே சூடு அவ்வளவு ஏறாது. புதுத் தொட்டியை முதல் நாள் இரவே தண்ணீரில் முக்கி வைத்துவிட்டோம். காய்ந்த தொட்டியில் வைத்தால் செடிக்கு ஊற்றும் முதல் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும்.

மண்ணுக்கு வருவோம். கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இரும்பு ஏறிச் சிவந்த மண், ரோஜாவுக்கு ஒத்துப்போகும். அடுத்த தெருவில் வீடு கட்டுகிறவர்கள் தரை நிரப்ப இறக்கியிருந்த மண்ணில் ஒரு மூட்டை கேட்டு வாங்கினோம். இரண்டு பாண்டு (கொத்தனார் சட்டி) செம்மண்ணுக்கு ஒரு பாண்டு மக்கிய மாட்டு எரு, ஒரு பாண்டு மணல், அரைப் பாண்டு தேங்காய் நார்த்தூள். இதோடு வேப்பம்புண்ணாக்கு இரண்டு கைப்பிடி, எலும்புத்தூள் ஒரு கைப்பிடி, வேர் அழுகலைத் தடுக்கும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி ஒரு கைப்பிடி. எலும்புத்தூளை மேலாகத் தூவாமல் கலவைக்குள் புதைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாசனைக்கு எலி வந்து தொட்டியையே கிளறிப் போடும்.

எருவை வாங்கும்போது ஒரு கை அள்ளி முகர்ந்து பாருங்கள். மண் வாசனை வர வேண்டும், சாணி வாசனை வரக் கூடாது. கையை உள்ளே விட்டால் சூடு தெரியக் கூடாது. மக்காத எரு வேரைச் சுடும், கூடவே வேர்ப்புழுவையும் கரையானையும் அழைத்து வரும். மணல் விஷயத்தில் ஆற்றுமணல் கிடைக்காது என்று முடிவு செய்து எம்-சாண்டைச் சலித்து, மாவாக இறங்கியதைத் தள்ளிவிட்டு, சல்லடை மேல் நின்ற குருணையை மட்டும் எடுத்தோம். தேவனாம்பட்டினத்துக் கடற்கரை கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று அங்கே மணல் அள்ள நினைக்காதீர்கள். உப்பு ஒரு பக்கம், அது பொடி மணல் என்பது இன்னொரு பக்கம். நார்த்தூளிலும் உப்பு உண்டு. கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி மாற்றி அலசிய பிறகே சேர்க்க வேண்டும். இங்கே மழைக்காலம் பெரியது என்பதால் நார்த்தூளை நான் அரைப் பாண்டுக்கு மேல் சேர்ப்பதில்லை. அது குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது.

கலவை சரியா என்று பார்க்க லேசாக ஈரமாக்கி உருண்டை பிடித்தோம். உருண்டை நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் இன்னும் மணல் சேர்க்கலாம். உருண்டையே பிடிபடாவிட்டால் செம்மண்ணும் எருவும் போதவில்லை.

தொட்டியின் அடியில் மூன்று அங்குலத்துக்கு ஜல்லியும் ஓட்டுச்சில்லும் நிரப்புகிற வழக்கம் ஒன்று இருக்கிறது. வடிகால் நன்றாக இருக்கும் என்று நினைத்துச் செய்வது. உண்மையில் நடப்பது வேறு. நுண்ணிய மண்ணுக்குக் கீழே பெரிய கல் இருந்தால், அந்த எல்லையை ஒட்டிய மண் நன்றாக ஊறி நிரம்பும்வரை தண்ணீர் அதைத் தாண்டிக் கீழே இறங்காது. ஈர ஸ்பான்ஞ்சைக் கருங்கல் குவியல் மேல் வைத்தால் அதன் அடிப்பாகம் எப்படி ஊறியே இருக்குமோ அப்படித்தான். ஆக, ஜல்லி போட்டால் ஈரம் தேங்கும் இடம் மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது, போதாததற்கு மூன்று அங்குல மண்ணும் நட்டம். ஓட்டை மேல் கொசுவலைத் துண்டு ஒன்று, அதன் மேல் கவிழ்த்த ஓட்டுச்சில்லு ஒன்று. அது போதும்.

முந்தின நாளே பழைய தொட்டிக்குத் தண்ணீர் விட்டிருந்தோம். மாலை நாலு மணிக்கு மேல், வெயில் இறங்கிய பிறகு வேலையைத் தொடங்கினோம். முதலில் கவாத்து. காய்ந்த குச்சி, உள்நோக்கி வளர்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் குச்சி எல்லாம் போனது. நுனிக்கருகல் இறங்கியிருந்த கிளையை வெட்டும்போது வெட்டுவாயைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டு பழுப்பாக இருந்தால் நோய் இன்னும் கீழே இருக்கிறது. இன்னொரு அங்குலம் இறக்கி வெட்டினோம், பழுப்பு. மறுபடி வெட்டினோம், பழுப்புப் புள்ளி மட்டும். அடுத்த வெட்டில் வெளிறிய பச்சை கலந்த வெள்ளை. அங்கே நிறுத்தினோம். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, தண்ணீர் வழிந்தோடும்படி சாய்வாக வெட்டினோம். நலிந்த செடி என்பதால் மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தோம். ஒவ்வொரு கிளைக்கும் நடுவே கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்தோம். வெட்டுவாய்களில் பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்சிகுளோரைடைக் குழைத்துத் தடவினோம்.

அப்புறம் தொட்டியைச் சாக்கின் மேல் சாய்த்து, ஓரத்தில் நீளக் கத்தியைச் சுற்றிலும் விட்டு, அடியைத் தட்டினோம். மண் மொத்தமாக நழுவி வந்தது. நினைத்தது அப்படியே இருந்தது. வெளியே நாங்கள் போட்ட கறுத்த கலவை, அதில் நாலைந்து மெல்லிய வேர்கள் மட்டும். உள்ளே தேங்காய் அளவுக்குச் செங்கல் நிறக் கட்டி. இரண்டு வருடத்துக்கு முன்னால் கிழித்தெடுத்த நர்சரிக் கவரின் மடிப்புத் தடம்கூட அதன் மேல் அழியாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே விரல்நகம் நுழையும் இடைவெளி. மண்கொத்தியின் பிடியால் தட்டினால் டொக்கென்று சத்தம் வருகிறது. ஒரு மூலையை உடைத்துப் பார்த்தேன். முந்தின நாள் அத்தனை தண்ணீர் விட்டும் உள்ளே பொடியாகக் காய்ந்திருந்தது. கட்டிக்குள் அடைபட்ட வேர்கள் அதன் ஓரத்தையே வட்டம் சுற்றிச் சுற்றிப் பின்னிக் கிடந்தன.

வெளி மண்ணில் ஒரு வேர்ப்புழுவும் கிடைத்தது. வளைந்து சுருண்ட வெள்ளை உடம்பு, தலை மட்டும் பழுப்பு. கைப்பிடிச் சுவரில் போட்டதுமே காக்கை வந்து தூக்கிக்கொண்டு போய்விட்டது.

கட்டியைக் கையால் பிய்த்தால் வேர் அறும். அகலமான டப்பில் தண்ணீர் நிரப்பி அதற்குள் இறக்கி வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தபோது டப்புத் தண்ணீர் செம்புழுதி நிறத்தில் கலங்கியிருந்தது. களிமண் வெளிப்பக்கமிருந்து வழுக்கிக்கொண்டு கழன்றது. தடித்த ஈர்க்குச்சி ஒன்றை வைத்து வேர்களுக்கு நடுவே மெல்ல நெம்பி நெம்பி விட்டோம். இதற்குப் பொறுமைதான் கருவி. முழுவதையும் கழுவி வேரை வெறும் நாராக்கிவிடவும் கூடாது. நடுவில் மூன்றில் ஒரு பங்கு மண்ணை அப்படியே விட்டோம். மண்ணோடு ஒட்டிய நுண்வேர்கள்தான் அடுத்த சில நாட்களுக்குச் செடிக்குத் தண்ணீர் கொடுக்கப் போகிறவை.

வேரில் நல்லது கெட்டது பார்ப்பது எளிது. உயிருள்ள வேரை நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை. செத்த வேர் கறுத்திருக்கும், இழுத்தால் தோல் உறையாகக் கழன்று நடுவில் நூல் மட்டும் மிஞ்சும், நாற்றமும் வரும். அவற்றை எடுத்துவிட்டோம். வட்டம் சுற்றிய நீள வேர்களை வெட்டி, நுனிகள் வெளிப்பக்கம் பார்க்கும்படி விரித்தோம். வேலை நடக்கும்போது வேர் மேல் ஈரச் சாக்கு மூடியே இருந்தது. கடற்காற்றில் சில நிமிடத்தில் நுண்வேர் உலர்ந்துவிடும்.

ஒட்டு முடிச்சுக்குக் கீழே தடிமனாக ஒரு துளிர் கிளம்பியிருந்தது. இது ரோஜா இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் நமக்கு வேண்டிய ரோஜா இல்லை. ஒட்டுக்கு வேர் கொடுத்த காட்டு ரகத்தின் துளிர். விட்டால் செடியின் பலத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொள்ளும். ஏழு இலைக் கொத்து வந்தால் காட்டுச்செடி, ஐந்து வந்தால் நல்ல செடி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். அதை நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். எங்கிருந்து கிளம்புகிறது என்று மண்ணை விலக்கிப் பார்ப்பதுதான் வழி. முடிச்சுக்குக் கீழே என்றால் வெட்டாமல் அடியோடு பிய்த்து எடுக்க வேண்டும். வெட்டினால் அதே இடத்தில் இரண்டாகக் கிளம்பும்.

வைக்கும்போது ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் தெரியும்படி உயரம் பார்த்தோம். தொட்டி விளிம்புக்குக் கீழே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க இடம். மண்ணைப் போடப் போட ஈர்க்குச்சியால் குத்தி, தொட்டியைப் பக்கவாட்டில் தட்டி, வேருக்கு நடுவே காற்றுப் பொந்து இல்லாமல் நிரப்பினோம். கையால் அழுத்தி இறுக்க வேண்டாம், அது தண்ணீரின் வேலை. பூவாளியால் மெதுவாக, அடியில் தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றினோம். மண் இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் கலவை. ஆடாமல் நிற்க ஒரு மூங்கில் குச்சி. தொட்டி தளத்தில் நேரடியாக உட்காராமல் மூன்று உடைந்த செங்கல் மேல் நின்றது.

இனி வரும் பத்துப் பதினைந்து நாட்களில்தான் பெரும்பாலான ரோஜாக்கள் சாகின்றன. காரணம் கவனிப்பின்மை இல்லை, அதிகக் கவனிப்பு. வேர் குறைந்த செடி கொஞ்சமாகத்தான் குடிக்கும். பாவம் என்று காலையும் மாலையும் ஊற்றினால் மண் காயவே காயாது. நாங்கள் தொட்டியை மாடிப்படிக்குப் பக்கத்தில், வெளிச்சம் உண்டு ஆனால் நேர் வெயில் இல்லாத இடத்தில் வைத்தோம். விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மீதமிருந்த பழைய இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. வீட்டில் எல்லோருக்கும் பதற்றம். தண்டின் தோலை நகத்தால் லேசாகக் கீறிப் பார்த்தால் பச்சை. அந்தப் பச்சை இருக்கும்வரை இலை உதிர்வது ஒரு பொருட்டே இல்லை. உரம், மருந்து, வளர்ச்சி ஊக்கி, எதுவும் கொடுக்கவில்லை.

கணுக்களில் சிவப்பாக ஊசி நுனி அளவில் துளிர் தட்டிய பிறகு காலை வெயில். துளிர் விரிந்ததும் பகல் முழுக்க வெயில். ரோஜாவுக்கு ஆறு மணி நேர நேர் வெயில் இல்லாவிட்டால் மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

தையில் முதல் மொட்டுகள் வந்தன. பட்டாணி அளவு இருக்கும்போதே கிள்ளிவிட்டேன். "மொட்டைக் கிள்ளுற கையாடா இது, ஒரு பூ சாமிக்கு வச்சிருக்கலாமே" என்று அம்மாவுக்குக் கோபம். செடி அப்போது வேரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, பூ என்பது அதற்குக் கூடுதல் செலவு என்று விளக்கினால் எடுபடாது. அதனால் மிச்சத்தை அவர் மாடிக்கு வராத நேரத்தில் கிள்ளினேன். அடுத்த சுற்றில் கிளைக்கு ஒன்றாக வந்த மொட்டுகளை விட்டுவிட்டேன். கவாத்திலிருந்து பூ விரிய இயல்பாக ஆறேழு வாரம் ஆகும். வேரை இவ்வளவு தொந்தரவு செய்தால் இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகும்.

சிவந்த துளிர் பச்சைக்கு மாறிய பிறகுதான் உரம் ஆரம்பித்தோம். இங்கே மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் புண்ணாக்குக்குக் குறைவில்லை. 100 கிராமை இரண்டு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை எடுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, ஈரமாக இருக்கும் மண்ணில் தொட்டிக்கு ஒரு லிட்டர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை. நாற்றம் தெருமுனை வரைக்கும் போகும், மாலையில் ஊற்றினால் காலைக்குள் அடங்கிவிடும். இடையில் ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு 2 கிராம். டி.ஏ.பி. குருணையைத் தண்டின் அடியில் தூவுவதை நான் செய்வதில்லை. ஏற்கெனவே உப்பில் தவிக்கும் மண்ணுக்கு அது வேண்டாம்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் கடலூரில் ரோஜாவைப் பற்றிப் பேச முடியாது. எங்கள் போர் தண்ணீரில் மீட்டரை விட்டால் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 1,200-ஐத் தொடுகிறது. அதையே தினமும் ஊற்றினால் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மண்ணில் தங்கும். தொட்டியின் வெளியே பூத்த வெள்ளை அதுதான். குழாயில் மாநகராட்சித் தண்ணீர் வருகிற நேரத்தில் ஒரு டிரம்மில் பிடித்து ரோஜாவுக்கென்று வைத்துவிட்டோம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் இன்னும் நல்லது, அதில் உப்பே இருக்காது. அதன் குழாயின் கீழ் ஒரு வாளி போதும். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறவர்கள் பலர். நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வாசல் கழுவலாம், ரோஜாவுக்கு வேண்டாம். மாதம் ஒருமுறை தொட்டிக் கொள்ளளவின் இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி உப்பை அடிவழியே வெளியேற்றுகிறோம். அதற்கடுத்த நாளோ இரண்டு நாள் கழித்தோ உரத் தண்ணீர்.

புது மண்ணிலும் ஓரிரு துளிர் மஞ்சளாக வந்தது. கடையில் இரும்புச் செலேட் (செடி எளிதில் எடுக்கும் வடிவில் உள்ள இரும்புச் சத்து) கேட்டால் பெரும்பாலும் ஈ.டி.டி.ஏ. (EDTA) வகையைக் கொடுப்பார்கள். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் போட்டால் அது நிலைக்காது, இலையில் தெளிக்க உதவும். மண்ணில் ஊற்ற ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) என்று பொட்டலத்தில் எழுதியிருக்க வேண்டும். கரைத்தால் தண்ணீர் அடர் சிவப்பாக மாறும். அதைக் கொடுத்த பிறகு வந்த இலைகள் பச்சை. பழைய இலைகள் மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது வேறு, மக்னீசியக் குறைவு, அதற்குத்தான் எப்சம் உப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு எல்லா மஞ்சளுக்கும் எப்சம் உப்பைக் கொட்டுவதுதான் அதிகம் நடக்கிறது.

நோய் என்று பார்த்தால் தைப் பனியில் இளம் இலைகளில் மாவு தூவியதாகச் சாம்பல் நோய் வந்தது. நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், காலையில் தெளித்தோம். வெயில் ஏறும் மாதங்களில் கந்தகம் இலையைச் சுடும். வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் அடிக்கக் கூடாது. பங்குனியில் செம்பேன். இலையின் மேற்புறம் ஊசியால் குத்தியதாக வெளிறிய புள்ளிகள், அடியில் நூலாம்படை. பூதக்கண்ணாடி வைத்தால் அடிப்புறத்தில் சிவப்புப் பொடி நடமாடுவது தெரியும். மருந்துக்கு முன்னால் தண்ணீர்தான். ஹோஸ் பைப்பில் விரலை வைத்து, இலைகளின் அடியில் படும்படி காலையில் தொடர்ந்து சில நாள் பீய்ச்சினோம், பெரும்பாலும் போய்விட்டது. மிஞ்சியதற்கு வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்புக் கரைசலில் கலக்கி, வெயில் சாய்ந்த பிறகு. கடற்காற்றில் வரும் உப்பும் இலையில் படிந்து ஓரத்தைக் கருக்கும், அதற்கும் இந்தக் காலைக் குளியல் நல்லது. மாலையில் மட்டும் இலையை நனைக்காதீர்கள், கரும்புள்ளி நோய்க்கு இரவு முழுக்க ஈர இலை கிடைத்தால் கொண்டாட்டம்.

பூ வாடியதும் காம்பை ஒடிக்காமல், கீழே ஐந்து இலைக் கொத்துள்ள முதல் நல்ல கணுவுக்கு மேலே வெட்டுகிறோம். அந்தக் கணுவிலிருந்து வரும் கிளைதான் அடுத்த பூவைத் தாங்கும். மாசிக் கடைசியில் முதல் பூக்கள் அம்மா கைக்குப் போயின. மொட்டு விஷயம் அதோடு சமாதானம் ஆனது.

அக்னி நட்சத்திரத்துக்கு இப்போதே ஏற்பாடு. மண்ணின் மேலே மல்லாட்டைத் தோல் இரண்டு அங்குலம், தண்டை ஒட்டாமல். 50 சதவீதப் பச்சை வலை, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை நிழல் விழும்படி மேற்குப் பக்கம் சாய்த்துக் கட்டியாகிவிட்டது. தண்ணீர் காலையில் நிறைய, மாலையில் விரல் விட்டுப் பார்த்துத் தேவையென்றால் மட்டும். கோடையில் பூ சிறுத்துத்தான் வரும், நிறமும் வெளிறும், அதற்காக உரத்தை ஏற்ற வேண்டியதில்லை. புயல் அறிவிப்பு வந்தால் தொட்டியைச் சாய்த்துப் படுக்க வைத்துவிடலாம், தண்ணீர் தேங்காது, காற்றும் தள்ளாது. அடுத்த மார்கழியில் மேல் மண் இரண்டு அங்குலம் மாற்றினால் போதும், வேரைத் தொட வேண்டியது அதற்கும் அடுத்த வருடம்.

பக்கத்தில் இரண்டு பட்டன் ரோஜாக்கள் இன்னும் நர்சரிக் கட்டியோடுதான் நிற்கின்றன. வெயில் தொடங்கிவிட்டதால் அவற்றை இப்போது தொடவில்லை. அவற்றுக்கு 10 அங்குலத் தொட்டி போதும். காலியான பழைய தொட்டியை உப்புப் போகத் தேய்த்துக் கழுவிக் காய வைத்திருக்கிறோம், இன்னொன்று மட்டும் வாங்க வேண்டும்.